உங்கள் பெயரில் வீட்டார் வாங்கிய கடன்: எங்கிருந்து தொடங்குவது?

“பேர் மட்டும்தானே கொடுத்தேன். பணத்தை நான் கண்ணாலகூடப் பார்க்கலையே!”

வசூலுக்கு ஆள் வந்து போன அன்று என் சித்தி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மகன் தொழில் தொடங்க இரண்டு குழுக் கடன், அவன் வண்டிக்கு ஒரு கடன், இடையில் ஒரு நகைக்கடன். எல்லாம் சித்தி பெயரில். மகன் ஒழுங்காகக் கட்டியவரை வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. தொழில் படுத்ததும் தவணை நின்றது. போன் மட்டும் சித்திக்கு வரத் தொடங்கியது.

நம் வீடுகளில் இது புதிதல்ல. சம்பளச் சான்று வைத்திருப்பவர், சிபில் (கடன் மதிப்பெண்) நன்றாக இருப்பவர், மகளிர் குழுவில் இருப்பவர் என்று யாருக்குக் கடன் கிடைக்குமோ அவர் பெயரில் எடுத்து, தேவைப்படுகிறவர் கையில் கொடுத்துவிடுகிறோம். நம்பிக்கையில் செய்கிற காரியம். சிக்கல் வந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், மாதக்கணக்கில் பயந்துகொண்டே இருந்துவிடுவதுதான் ஆபத்து. கடன் பெருகுவது அந்த மாதங்களில்தான். முதல்முறையாக இதில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, இந்தியாவில் இருக்கும் சட்டத்தையும் ரிசர்வ் வங்கி விதிகளையும் வைத்து இதை எழுதுகிறேன்.

காகிதத்தில் யார் பெயரோ அவர்தான் கடன்தாரர். பணத்தைச் செலவழித்தது யார் என்பதைக் கடன் கொடுத்தவர் பார்க்க வேண்டியதில்லை. கசப்பான விஷயம்தான், ஆனால் அதை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் வழி திறக்கும். பெயர் உங்களுடையது என்றால் கணக்கும் உங்கள் கைக்கு வர வேண்டும். ‘அவன் கட்டியிருப்பான்’ என்று இனி நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

முதல் வேலை: எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுவது

சித்தி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து பாயில் கவிழ்த்தார். குழுக் கடன் அட்டைகள், மடித்து மடித்துக் கிழிந்த அடகு ரசீது, பிரிக்காத இரண்டு கடித உறைகள். கட்டம் போட்ட அட்டையில் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு கையெழுத்து இருந்தது, பத்தொன்பதாவது கட்டத்துக்குப் பிறகு வெறும் கட்டங்கள். எங்கே நின்றது என்பதை அப்போதுதான் அவரே பார்த்தார்.

கையில் இருக்கும் காகிதம் மட்டும் போதாது. உங்களுக்குத் தெரியாத கடனும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கடன் தகவல் அறிக்கை எடுக்க வேண்டும். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்தத் தகவலை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே பான் எண்ணும் போனும் வைத்து எடுங்கள். நான்கையும் எடுப்பது நல்லது, ஒன்றில் விட்டுப்போனது இன்னொன்றில் இருக்கும்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லாரும் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணைத்தான் முதலில் தேடுகிறார்கள். இப்போதைக்கு அது முக்கியமில்லை. ஒவ்வொரு கணக்கிலும் நீங்கள் யாராகப் பதிவாகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்: தனிக் கடன்தாரரா, கூட்டுக் கடன்தாரரா, ஜாமீன்தாரரா? தொடங்கிய தேதி, பாக்கி, எந்த மாதத்திலிருந்து தவறியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கடைசிப் பகுதியில் உங்கள் அறிக்கையை யார் யார் கேட்டுப் பார்த்தார்கள் என்ற பட்டியல் இருக்கும். நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், உங்கள் பெயரில் யாரோ கடன் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சித்தியின் அறிக்கையில் அவருக்குத் தெரியாத ஒரு செல்போன் தவணைக் கடன் இருந்தது. ‘ஒரு நம்பர் வரும், சொல்லும்மா’ என்று மகன் கேட்டு வாங்கிய ஓடிபி அதற்கானது.

அறிக்கையில் வராத கடன்களும் உண்டு. கைமாற்று, வட்டிக்கு வாங்கியது, அடகுக் கடை, எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு. இவற்றை வீட்டில் கேட்டுத்தான் எழுத முடியும். நகை அடகு என்றால், நகை யாருடையது, ரசீது யார் பெயரில் என்று இரண்டையும் எழுதுங்கள். ரசீதில் பெயர் உள்ளவரிடம்தான் நகையைத் திருப்பித் தருவார்கள்.

வட்டியை ஆண்டுக் கணக்குக்கு மாற்றி எழுதுவது ரொம்ப முக்கியம். ‘மூணு வட்டி’ என்றால் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். கையில் 9,000 கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும் தண்டலில் வட்டி 1,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலும் அன்றாடம் குறைந்துகொண்டே வருகிறதே. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கிக் கடனுக்குப் பயந்து தண்டல் வாங்கி அடைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து: உங்கள் பொறுப்பு எவ்வளவு?

கடன்தாரராகவோ கூட்டுக் கடன்தாரராகவோ கையெழுத்துப் போட்டிருந்தால் முழுத் தொகைக்கும் நீங்கள் பொறுப்பு. ‘பாதிதான் என் பங்கு’ என்று சொல்ல முடியாது.

ஜாமீன் போட்டவர்கள் பலர், ‘முதலில் அவனைக் கேட்டுவிட்டு அப்புறம்தானே என்னிடம் வருவார்கள்’ என்று நினைக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்தாரரின் பொறுப்பும் ஒரே அளவு. நேராக உங்களிடமே கேட்கலாம். அதே சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான பிரிவும் இருக்கிறது: ஜாமீன்தாரராக நீங்கள் கட்டிய பணத்தைக் கடன்தாரரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

கிரெடிட் கார்டில் கூடுதல் கார்டு வாங்கித் தந்திருந்தால், அதில் அவர் செலவழித்ததும் முதன்மைக் கார்டு வைத்திருக்கும் உங்கள் கணக்கில்தான் வரும். வங்கியில் சொல்லி அதை அன்றே முடக்குங்கள்.

எதிலும் கையெழுத்தே போடவில்லை, அண்ணன் வாங்கினார், அப்பா வாங்கினார் என்றால்? உறவு என்பதற்காக மட்டும் கடன் உங்களை ஒட்டாது. கடன் வாங்கியவர் இறந்துபோனால்கூட, அவரிடமிருந்து வாரிசாக உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்பு வரைதான் கேட்க முடியும். இதைத் தெரியாமல், துக்க வீட்டிலேயே புதிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிப் போட்ட கையெழுத்து உங்களையே புதிதாகக் கடன்தாரராக்கிவிடும். அவசரப்படாதீர்கள்.

உங்களுக்குத் தெரியாமலே எடுத்திருந்தால்

ஆதார் நகல், பான், போனுக்கு வரும் ஓடிபி மூன்றும் வீட்டிலேயே கிடைத்துவிடுவதால் இது சுலபமாக நடந்துவிடுகிறது. இங்கே ஒரு முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். ‘நான் வாங்கவில்லை’ என்று மறுத்தால், வாங்கியது யார் என்ற கேள்வி வரும். அது வழக்காகவும் மாறலாம். ஆள்மாறாட்டம், மோசடி, போலிக் கையெழுத்து எல்லாம் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றங்கள். பெற்ற பிள்ளைமேல் புகார் கொடுக்க மனம் வராததில் ஆச்சரியமில்லை. சித்தியும் கொடுக்கவில்லை, அந்தச் செல்போன் கடனைத் தன் கடனாகவே எடுத்துக்கொண்டார். அது அவர் முடிவு. ஆனால் தொகை பெரிது, ஏமாற்றியவர் தொடர்ந்து ஏமாற்றுகிறார் என்றால் சும்மா இருக்காதீர்கள்.

மறுப்பது என்று முடிவெடுத்தால் மூன்று காரியங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, விண்ணப்பத்தின் நகலையும் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்பதையும் கேளுங்கள். கடன் தகவல் நிறுவனத்திலும் தகவலைத் திருத்தக் கோருங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. காவல் நிலையத்திலோ, இணையவழி மோசடி என்றால் 1930 என்ற எண்ணிலோ புகார் பதிவு செய்யுங்கள். இவை முடியும்வரை, ‘ஒரு ஆயிரமாவது கட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

கூடவே ஆதாரில் கைரேகைப் பதிவைப் பூட்டிவையுங்கள். போன் கடவு எண்ணை மாற்றுங்கள்.

பணம் வாங்கியவரிடம் பேசுவது

இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். கோபம் முழுவதையும் கொட்டினால் அவர் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிடுவார், அப்புறம் உண்மையான கணக்கும் வராது. நோட்டை முடித்த பிறகு பேசுங்கள். நோட்டு கையில் இருந்தால் பேச்சு பழைய கதைக்குப் போகாமல் எண்ணிலேயே நிற்கும். எங்கள் வீட்டில் சித்தி பேசியது கிட்டத்தட்ட இப்படி:

“நீ ஏன் கட்டலைன்னு இன்னைக்குக் கேட்கப் போறதில்லப்பா. இதுல எழுதியிருக்கிறது மொத்தமும் சரியா, விட்டுப்போனது ஏதாவது இருக்கா, அதை மட்டும் சொல்லு.”

அவன் ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவை வாங்கி இன்னொரு கைமாற்றைத் தானே எழுதினான்.

அந்தப் பேச்சில் மூன்று விஷயங்களை வாங்கிவிடுங்கள். ஒன்று, மாதம் எவ்வளவு தர முடியும் என்ற எண். ஆசையில் சொல்லும் எண் வேண்டாம், வரும்படி குறைந்த மாதத்திலும் தரக்கூடியது வேண்டும். இரண்டு, தவணை 5ஆம் தேதி என்றால் 1ஆம் தேதிக்குள் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட வேண்டும், நிறுவனத்துக்கு நீங்கள் கட்டுவீர்கள். ‘நானே நேரா கட்டிடறேன்’ என்பதை ஏற்காதீர்கள், இந்த நிலைக்கு வந்ததே அதனால்தான். மூன்று, ‘இன்ன தேதியில் இன்ன கடன் எனக்காக வாங்கப்பட்டது, பாக்கி இவ்வளவு, அதை நான் கட்டக் கடமைப்பட்டவன்’ என்று தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்ட கடிதம்.

கடிதம் கேட்பது அவமரியாதையாகத் தோன்றலாம். அதில் சங்கடப்பட எதுவும் இல்லை. நாளைக்கு அவருக்குத் திருமணம் ஆகலாம், பாகப்பிரிவினை வரலாம், யாராவது இல்லாமல் போகலாம். அப்போது வாய்ப்பேச்சு நிற்காது. பணம் வசூலிக்க வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. கெடு முடிவதற்குள் எழுத்தில் புதிதாக ஒப்புக்கொண்டால் அந்த மூன்று ஆண்டு மறுபடி தொடங்கும். எனவே கடிதத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

கடனை அவர் பெயருக்கே மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். கடன் கொடுத்தவர் சம்மதிக்காமல் பெயர் மாறாது, பெரும்பாலும் சம்மதிப்பதுமில்லை. அவர் தன் பெயரில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து உங்களுடையதை முடிப்பதுதான் நடைமுறையில் உள்ள வழி.

கணவர் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார், அடித்து நகையைப் பிடுங்கி அடகு வைத்தார் என்றால் அது பேசித் தீர்க்கும் விஷயமில்லை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதாரக் கொடுமையும் அடங்கும். 181 பெண்கள் உதவி எண்.

எதை முதலில் கட்டுவது?

யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முதலில் என்றுதான் நம்மில் பலர் கட்டுகிறோம். அது வேண்டாம். ஏலத்துக்கு நாள் நெருங்கிய நகை, வீட்டுப் பத்திரம், பிழைப்புக்கான வண்டி இவற்றைக் காப்பாற்றும் தவணை முதலில். வங்கியில் செக்கோ தானாகப் பிடிக்கும் தவணையோ கொடுத்திருந்தால், அந்தத் தேதியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்பது அடுத்தது. பணமில்லாமல் செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்கு வரலாம். தானியங்கிப் பிடித்தம் திரும்பினாலும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் அதே மாதிரி வழக்குப் போட முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால், கையில் வாங்கிய நாளிலிருந்து பணத்தைக் கட்ட 15 நாள் அவகாசம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் எந்த லாபமும் இல்லை.

இவை போக மிஞ்சும் பணத்தை, ஆண்டு வட்டி எதில் அதிகமோ அதில் போடுங்கள். மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தவணை மட்டும். ஒரே நிறுவனத்தில் இரண்டு கடன் இருந்தால், எந்தக் கடனுக்காகக் கட்டுகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்துக் கட்டுங்கள். அதைச் சொல்லும் உரிமை கடன்தாரருக்கு உண்டு. சொல்லாவிட்டால் அவர்கள் விருப்பப்படி வரவு வைத்துக்கொள்வார்கள்.

குழுக் கடனில் உங்கள் தவணை நின்றால் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் நெருக்கடி வரும். கூட்டம் நடக்கும் நாளில் ஒளிந்துகொள்ளாமல் போய், இன்ன தேதிக்குள் இவ்வளவு தருகிறேன் என்று நேரில் சொல்லுங்கள். சித்திக்கு அங்கேதான் முதல் ஆறுதல் கிடைத்தது. அந்தக் குழுவில் இன்னும் இரண்டு பேர் அதே மாதிரி மகனுக்கு எடுத்துக் கொடுத்தவர்கள்.

கடன் கொடுத்தவரிடம் போவது

கிளைக்கு நேரில் போங்கள், கையில் மனுவும் இருக்கட்டும். வருமானம் இவ்வளவு, கட்ட முடிந்தது இவ்வளவு, தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள் என்று கேளுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். மூன்று தவணை தவறிய பிறகு போவதைவிட, தவறப்போகிறது என்று தெரிந்ததுமே போவது நல்லது. 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும், அதன் பிறகு பேசுவது கடினம்.

‘செட்டில்மென்ட்’ என்று குறைத்துக் கட்டச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அறிக்கையில் அது முடிந்த கடன் என்று வராது, தீர்வு செய்யப்பட்டது என்று வரும். அடுத்து யாரும் எளிதில் கடன் தர மாட்டார்கள். வேறு வழியே இல்லாதபோது அதுவும் நல்ல வழிதான், ஆனால் தொகையும் தேதியும் போட்ட கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள்.

குழுக் கடன் போன்ற நுண்கடன்களுக்கு 2022 ஏப்ரல் முதல் தனி விதிகள் இருக்கின்றன. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கூடாது, தாமதக் கட்டணத்தைத் தவறிய தொகைக்கு மட்டுமே போட வேண்டும்.

மனுவுக்கு 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.

வசூலுக்கு வருகிறவர்கள்

தவறிய கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. நுண்கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான். உறவினர், பக்கத்து வீட்டார், வேலை செய்யும் இடம் என்று போய் அவமானப்படுத்துவது விதிமீறல். வந்தவரின் அடையாள அட்டையைக் கேளுங்கள், தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கையில் தராதீர்கள். தனியார் வட்டிக்காரர் மிரட்டினால், தமிழ்நாட்டில் 2003 முதல் அநியாய வட்டியைத் தடை செய்யும் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்தில் அதைக் குறிப்பிட்டே புகார் எழுதுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச உதவி உண்டு, எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம்.

இரவில் தூக்கம் போய், இருப்பதே வேண்டாம் என்று தோன்றினால், தயவுசெய்து முதலில் மனநல உதவி எண் 14416க்கோ தமிழ்நாட்டில் 104க்கோ அழையுங்கள். கடனுக்கு அவகாசம் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசித் தவணைக்குப் பிறகு

பலர் கடைசிப் பணத்தைக் கட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். பாக்கி இல்லை என்ற சான்று, நீங்கள் கொடுத்த வெற்றுச் செக்குகள், புரோநோட்டு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். வண்டிக் கடன் என்றால் ஆர்.சி. புத்தகத்தில் நிறுவனத்தின் பெயரை நீக்க வேண்டும். வீட்டுப் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தராமல் வங்கி தன் பக்கம் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. தானியங்கிப் பிடித்தத்தை உங்கள் வங்கியில் ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மறுபடி எடுத்து, கணக்கு முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

சித்தியின் முதல் குழுக் கடன் முடிந்துவிட்டது. சான்றை பிஸ்கட் டப்பாவில் போடாமல் நெகிழி உறையில் வைத்து, நோட்டில் அந்தப் பக்கத்தின் மேல் குறுக்கே கோடு போட்டார். அடுத்தது வண்டிக் கடன், இன்னும் பதினான்கு தவணை.